மெதுவாக வீடு கட்டிய ஜின்

எனக்கு அந்த வயதில் ஓரிடத்தில் இருக்க முடியாது. பள்ளிக்கூட வாங்கில் இருந்தால் கால் ஆடும். மதரசாவில் ஓத இருந்தால் உடம்பு முழுவதும் ஆடும். சோற்றுப் பீங்கானுக்கு முன்னால் இருந்தால் வாய் ஓயாது. "இவளுக்குள்ள என்னமோ புகுந்திரிக்கி" என்று உம்மா சொல்லுவாள். உண்மைதான், புகுந்திருந்தது. ஆனால் ஓதிப் பார்த்து, தண்ணீர் தெளித்து விரட்டக்கூடிய சாமான் இல்லை அது. எனக்குள் புகுந்திருந்தது கதை. அதை யாரிடமாவது சொல்லி முடிக்கும்வரை எனக்கு நிலைகொள்ளாது.

சூறாவளி எங்கள் வீட்டுக் கூரையைக் கழற்றி எங்கோ கொண்டுபோய்ப் போட்டதற்கு அடுத்த வருடம் வாப்பா சவூதிக்குப் போனார். கல்முனையில் அப்போது அது புதுப் பயணம். ஒருவர் போகிறார் என்றால் தெருவே கூடி வழியனுப்பும். வாப்பா போனது எனக்காக. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு கட்டியாக வேண்டும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பாவும் அப்படித்தான் நிந்தவூரில் இருந்து ஒரு பெட்டியோடு உம்மாவின் வீட்டுக்கு வந்தவர். பத்து வயதில், பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரிந்த நான், ஒரு கல்வீட்டுக்குச் சொந்தக்காரி ஆகப்போகிறேன் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அதில் பெரிய அக்கறை இருக்கவில்லை. வீடு கட்டினால் வளவுக்குள் மணல் குவிப்பார்கள், அதில் குதிக்கலாம் என்பதோடு என் யோசனை நின்றுவிட்டது.

பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே புது வீட்டுக்கு அத்திவாரம் போட்டார்கள். சுவர் கட்ட வந்த மேசன் அக்கரைப்பற்றுக்காரர். காலையில் முதல் பஸ்ஸில் வந்து, அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்பிப் போவார். கலவை குழைக்க அவரோடு ஒரு கிழவர் வருவார், அவருக்குக் காது சரியாகக் கேட்காது. மேசனை நாங்கள் அண்ணன் முறை வைத்து மேசன் காக்கா என்று கூப்பிட்டோம். முப்பது வயது இருக்கும். கை கல்லை வைத்துக்கொண்டு போக, வாய் அதன்பாட்டில் கதைத்துக்கொண்டு போகும். தம்பியையும் என்னையும் தவிர அவர் கதையைக் கேட்க அங்கே ஆள் இல்லை. தம்பிக்கு ஐந்து வயது, அவன் பாதியில் நித்திரையாகிவிடுவான். நான் மணல் கும்பியில் இருந்து எழும்பவே மாட்டேன்.

உம்மா மேசன் காக்காவின் முன்னால் வந்ததே இல்லை. எப்படி வருவாள்? கணவன் கடல் கடந்து இருக்கிற வீடு. உம்மாவின் உம்மா மவுத்தாகி இரண்டு வருடம், துணைக்கு வேறு பெரியவர்களும் இல்லை. தேத்தண்ணியை ஊற்றி என் கையில் தந்துவிட்டு உம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். வேலை விஷயமெல்லாம் என் வாய் வழியாகத்தான் போய்வரும். "ஜன்னல எந்தப் பக்கம் வெக்கிற என்டு உம்மா கேக்கா" என்று நான் கத்துவேன். அவர் பதிலை உம்மாவுக்குக் கேட்கும்படியாகச் சத்தமாகத்தான் சொல்வார். ஆனாலும் நான் ஒருமுறை ஓடிப்போய் உம்மாவிடம் சொல்லிவிட்டு வருவேன். என் வேலையை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒருநாள் பத்து மணித் தேத்தண்ணி குடிக்கும்போது மேசன் காக்கா, உலகத்தில் உள்ள மேசன்மாருக்கெல்லாம் ஜின்கள்தான் மூத்தவர்கள் என்றார். சுலைமான் நபிக்கு ஜின்களை அல்லாஹ் வசப்படுத்திக் கொடுத்ததும், அவர்கள் பயந்து பயந்து மாளிகை கட்டியதும், நபி தம் கைத்தடியில் சாய்ந்து நின்றபடியே மவுத்தானதும், அது தெரியாமல் ஜின்கள் தொடர்ந்து கல் சுமந்ததும், கறையான் தடியை அரித்து அவர் கீழே விழுந்த பிறகுதான் விஷயம் விளங்கியதும் மதரசாவில் நான் கேட்டதுதான். ஆனால் மதரசாவில் கதை அந்த இடத்தில் முடிந்துவிடும். மேசன் காக்கா முடிக்கவில்லை.

"மறுகா என்ன? எல்லா ஜின்னும் கையில இருந்ததப் போட்டுட்டு ஒரே ஓட்டம். எங்கட மூத்தாப்பாட மூத்தாப்பா மட்டும் ஓடல்ல. செவர் பாதியில நிக்கிதே, இத ஆரு முடிக்கிற என்டு நின்டுட்டார். அந்த வழியில வந்தவன்தான் நான்" என்றார்.

குசினிக் கதவுக்குப் பின்னால் உம்மா சிரித்துவிட்டாள். சட்டென்று வாயைப் பொத்தியது எனக்குத் தெரிந்தது, ஆனால் சிரிப்பு அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது. வாப்பா போன பிறகு உம்மா சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குப் பெரிய சந்தோஷம். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை வரவழைக்க வேண்டும் என்று எனக்கு அந்த நிமிடமே பரபரப்புத் தொற்றிக்கொண்டது.

அன்றிலிருந்து நான் எனக்கென்று ஒரு ஜின்னைச் செய்யத் தொடங்கினேன். மேசன் காக்காவின் ஜின்னைவிட என் ஜின் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் அல்லவா? என் ஜின்னைச் சுலைமான் நபி தூரத்துக் கடலுக்கு ஒரு கல் எடுத்துவர அனுப்பியிருந்தார். கல்லை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால் மாளிகையில் ஒருவரும் இல்லை. கல்லை யாரிடம் கொடுப்பது என்று கேட்கவும் ஆள் இல்லை. ஜின் அந்தக் கல்லோடு நாடு நாடாக நடந்து, கடைசியில் கல்முனைக் கடற்கரையில் வந்து ஏறியது. பார்த்தால் ஊரெல்லாம் சவூதிக் காசில் வீடு எழும்புகிறது. நமக்கு ஏற்ற ஊர் என்று பஸ் ஏறியது. கண்டக்டர் கல்லுக்கும் ஒரு டிக்கட் எடுக்கச் சொன்னார். அடையாள அட்டை எடுக்கப் போனால், பிறந்த வருடத்தை எழுத அந்தத் தாளில் இடம் போதவில்லை. கிராமத்து விதானையார் பேனையை மூடி வைத்துவிட்டு, உம்மா வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். ஜின் அழுதுகொண்டு வெளியே வந்தது. ஆள் என்று நிரூபிக்க ஒரு வழியும் இல்லாததால், அது கடைசியில் ஒரு மேசனைப் போல வேஷம் போட்டுக்கொண்டு எங்கள் வளவுக்கு வந்து சேர்ந்தது.

கலவை குழைத்த கிழவரை நான் கதையில் சேர்க்கவில்லை. உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டால் அது என்ன ஜின்?

இந்தக் கதையில் ஓர் ஓட்டை இருந்தது. அது என்னை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை. ஜின் என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வீட்டைக் கட்டி முடித்துவிட வேண்டும். எங்கள் வீடோ மூன்று மாதமாகியும் ஜன்னல் உயரத்துக்கு மேலே வரவில்லை. தம்பியே கேட்டுவிட்டான். நான் வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன், கிணற்றடியில் போய் இருந்தேன், வேலியில் இருந்த கிடுகைப் பிய்த்துப் பிய்த்து உம்மாவிடம் அடி வாங்கினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. வீடு முடிந்தால் ஜின் போய்விட வேண்டும். அதற்குப் போக மனமில்லை. இங்கே தேத்தண்ணி நல்லது, உம்மா கதைக்குச் சிரிக்கிறாள், ஆயிரக்கணக்கான வருடம் அலைந்த பிறகு இப்படி ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதனால் வேண்டுமென்றே மெதுவாகக் கட்டுகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு சுவரில் ஒரு வரிக் கல், அதற்கு மேல் இல்லை. இந்த இடம் வந்ததும் தம்பி வாயைத் திறந்தபடி இருந்தான். கதையில் இதுதான் உயர்ந்த இடம் என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் சவூதிக்குப் போனவர்களோடு வீட்டார் கெசட்டில் பேசிக்கொள்வார்கள். வாப்பா ஒருவர் கையில் ஒரு டேப்பும் நாலைந்து கெசட்டும் அனுப்பியிருந்தார். நாங்கள் பேசி, லீவு முடிந்து திரும்பிப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவோம். வாப்பாவின் கெசட் வந்தால் நிந்தவூரில் இருந்து மாமி, அதாவது வாப்பாவுக்கு மூத்த ராத்தா, பஸ் ஏறி வந்துவிடுவாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிடுவார்கள். டேப்பைப் பாயில் வைத்துச் சுற்றி இருந்து கேட்போம். வாப்பா ஸலாம் சொன்னால் எல்லாரும் டேப்பைப் பார்த்துப் பதில் ஸலாம் சொல்வோம். ஒருவருக்கு வந்த கெசட்டைத் தனியாகக் கேட்பது என்ற பழக்கமே இருக்கவில்லை.

அங்கேயும் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியாது. தம்மாமில் வாப்பா இருந்த அறையில் எட்டுப் பேர். ஆறு பேர் எங்கள் பக்கத்து ஆட்கள். யாருக்கு ஊரில் இருந்து கெசட் வந்தாலும் வியாழக்கிழமை வேலை விட்டு வந்து எட்டுப் பேரும் சுற்றி இருந்து கேட்பார்களாம். ஒருவருடைய பிள்ளை ஓதினால் எட்டுப் பேரும் மாஷா அல்லாஹ் சொல்வார்களாம். உம்மாவுக்கு இது தெரியும். அதனால்தான் உம்மா டேப்புக்கு முன்னால் இருந்தால் பள்ளிவாசல் அறிவித்தல் வாசிக்கிற மாதிரிப் பேசுவாள். "நாங்க எல்லாரும் சுகம். உங்கட சுகத்துக்கு துஆச் செய்றம். சீமெந்து வந்திட்டு. மழை இன்னும் இல்ல." எனக்கு அதைக் கேட்கவே எரிச்சலாக இருக்கும். பாலைவனத்தில் தனியாகக் கிடக்கிற மனிதருக்கு இப்படியா பேசுவது? ஒரு சிரிப்பு, ஒரு கதை, ஒன்றும் இல்லையா?

அந்தத் தடவை கெசட்டைக் கொண்டுபோக இருந்தவர் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முந்திப் பயணமானார். உம்மா கெசட்டின் ஒரு பக்கத்தில் தன் அறிவித்தலை அவசர அவசரமாகப் பேசி முடித்துவிட்டு, அவரிடம் கொடுத்தனுப்ப முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். மறுபக்கம் பிள்ளைகளுக்கு. வழக்கமாக நான் ஒரு சூரா ஓதுவேன், தம்பி நூறுவரை எண்ணுவான், உம்மா பக்கத்தில் இருந்து திருத்துவாள். அன்றைக்கு உம்மாவின் இரண்டு கையும் மாவில் இருந்தன. நான் தம்பியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, டேப்பை மடியில் வைத்துக்கொண்டு, அரை மணித்தியாலம் என் ஜின்னின் கதையைச் சொன்னேன்.

நன்றாகச் சொன்னேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. பஸ் கண்டக்டரின் குரலில் பேசினேன், விதானையாரைப் போலச் செருமினேன். வாப்பா நம்ப வேண்டும் என்பதற்காக உண்மையான விஷயங்களையும் அங்கங்கே போட்டேன். மேசன் காக்காவைப் போல வேஷம் போட்டிருப்பதைச் சொன்னேன். எங்களுக்குப் போடாத ஏலக்காய் அவருடைய தேத்தண்ணிக்கு மட்டும் விழுவதைச் சொன்னேன். அவர் கதை சொன்னால் உம்மா சிரிப்பதைச் சொன்னேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வீடு முடிஞ்சா போகணுமே வாப்பா, அதாலதான் அவர் மெதுவாக் கட்டுற. இது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தருக்கிட்டயும் சொல்லிராதீங்க" என்று முடித்தேன். வாசலில் அவசரப்படுத்திய ஆளிடம் முறுக்கு நிறைத்த பேணியோடு கெசட்டும் போனது.

ஒரு மாதத்தில் பதில் வர வேண்டும். வரவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு ஓட்டமாக வருவேன், செருப்பைக் கழற்றாமலே, "வந்திட்டா?" என்று கேட்பேன். என் கதைக்கு வாப்பா என்ன சொல்லப்போகிறார் என்ற ஆவலில் எனக்கு நெருப்பில் நிற்பது மாதிரி இருந்தது. தெருவில் வேறு வீடுகளுக்குக் கெசட் வந்தது, கடிதம் வந்தது. எங்களுக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது மாதம் உம்மாவும் நிலைகொள்ளாமல் திரியத் தொடங்கினாள். கழுவிய பீங்கானை மறுபடியும் கழுவினாள். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வேலிப் பக்கம் போய், அது கடந்து போனதும் எதையோ எடுக்க வந்தவளைப் போல ஒரு சிரட்டையைப் பொறுக்கிக்கொண்டு திரும்புவாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவது நின்றிருந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாமி வந்தாள். கையில் ஒரு சாமானும் இல்லை. மாமி வெறுங்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"என்ட தம்பி எனக்குக் கடிதம் போட்டிரிக்கான் புள்ள. வேலய நிப்பாட்டட்டாம். அந்த மேசன் இனி இந்த வளவுக்குள்ள கால் வெக்கப்பொடாதாம்."

உம்மா ஏன் என்று கேட்டாள். மாமி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏன் என்டு ஒண்ட மகளக் கேளு. ஒரு ரூம் நிறைய ஆம்புளயள் இருந்து கேட்டிரிக்கானுகள். வீடு முடிஞ்சா போகணும் என்டு மேசன் மெதுவாக் கட்டுறானாம். நீ ஏலக்காய் போட்டுக் குடுத்துச் சிரிக்கிறயாம். என்ட தம்பி அங்க ஆக்கள்ற மூஞ்சியில முழிக்கேலாம இரிக்கான்."

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. வாப்பா என் கதையை எட்டுப் பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாரே என்ற பூரிப்புத்தான் வந்தது. "அது மேசன் காக்கா இல்ல மாமி, அது ஜின்" என்று திருத்தினேன். உம்மா என்னை அடிப்பாள் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"கிதாபத் தொட்டுச் சொல்றன் மதினி. நான் அந்த மனுசன்ட மூஞ்சயச் சரியாக் கண்டதும் இல்ல" என்றாள்.

"நீ சொல்லத்தான் செய்வ" என்றாள் மாமி. "ஒண்ட கதைய ஆரு கணக்கெடுக்கிற?"

மேசன் காக்காவுக்குச் செய்தி சொல்லும் வேலையும் எனக்குத்தான் வந்தது. உம்மா கதவுக்குப் பின்னால் நின்று சொல்லித் தர, நாளையிலிருந்து வர வேண்டாமாம் என்று நான் போய்ச் சொன்னேன். அவர் ஏன் என்று என்னிடம் கேட்கவில்லை. அக்கரைப்பற்றுவரைக்கும் பேச்சுப் போயிருக்க வேண்டும். சாமான்களைச் சாக்கில் போட்டுக் கட்டினார். கிழவர் ஒன்றும் கேளாமல், குழைத்த கலவையைக் காட்டி, இது வீணாகப்போகிறதே என்று சத்தம் போட்டார். அவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு மேசன் காக்கா போனார். கதை முழுவதையும் சொல்லி முடிக்காமல் அவர் போனது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு உம்மா வாப்பாவுக்கு எத்தனை கடிதம் போட்டாளோ தெரியாது. எழுதுவாள், கிழிப்பாள், மறுபடி எழுதுவாள். தபால் கந்தோருக்கு நான்தான் போவேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. மாரி மழை தொடங்கியது. கூரை போடாத புது வீட்டுக்குள் தண்ணீர் நின்றது, தம்பி அதில் கடதாசித் தோணி விட்டான். மற்ற ஊர்களில் கணவன் கோபித்தால் பெண் தாய்வீட்டுக்குப் போவாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அவள் இருப்பதே தாய்வீடுதான். கோபித்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்க வேண்டும். அவன் வராமல் விட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். உம்மா அதை எண்ணித்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை சொன்னாள், உன் வாப்பாவை நேற்று நிந்தவூர்ச் சந்தியில் கண்டார்களாம், பெரிய சூட்கேஸோடு பஸ்ஸில் இருந்து இறங்கினாராம் என்று. நான் கெக்கட்டம் விட்டுச் சிரித்தேன். வாப்பா வந்தால் கல்முனைக்கு அல்லவா வருவார்? வீட்டுக்கு வந்து அதை ஒரு பகிடியாக உம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு உம்மா உலை வைக்கவில்லை. பெட்டி மாமி வீட்டில் இறங்கிவிட்டது.

மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு வாப்பா வந்தார், மாமியும் கூட வந்தாள். மெலிந்து கறுத்திருந்தார். வெள்ளைச் சட்டையில் புது அத்தர் மணத்தது. தம்பி அவரை அடையாளம் தெரியாமல் என் பின்னால் ஒளிந்துகொண்டான். வாப்பா பழைய வீட்டுக்குள் ஏறவில்லை. புது வீட்டின் பாதிச் சுவர்களுக்கு நடுவில் ஒரு கதிரையைப் போடச் சொல்லி அதில் இருந்தார். உம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள், மேசன் காக்கா இருக்கும்போது நின்ற அதே இடத்தில், சொந்தக் கணவனுக்கு.

"மகள், இஞ்ச வாங்க" என்றார் வாப்பா. "கெசட்டுல சொன்ன கதய வாப்பாக்கு ஒருக்காச் சொல்லுங்க."

எனக்குச் சந்தோஷத்தில் மூச்சே நின்றுவிட்டது. எத்தனை மாதம் காத்துக்கொண்டிருந்தேன்! வாப்பாவுக்கு முன்னால் நின்று, முதலில் இருந்து தொடங்கினேன். கல், கடற்கரை, கண்டக்டர், விதானையார். வாப்பா சிரிக்கவில்லை, ஆனால் கண்ணை எடுக்காமல் கேட்டார். அதுவரை யாரும் என் கதையை அப்படிக் கேட்டதில்லை. ஜின் எங்கள் வளவுக்கு வந்ததும் கேள்விகளும் வரத் தொடங்கின.

"அவர் எங்க இருந்து தேத்தண்ணி குடிக்கிற?"

"மணல் கும்பியில."

"ஆரு கொண்டுபோய்க் குடுக்கிற?"

"நான்தான். ஒரு நாளும் வழியில சிந்தினதில்ல வாப்பா."

"உம்மா?"

"உம்மா அங்க, கதவுக்குப் பின்னால."

"வெளிய வாறதே இல்லயா?"

இந்த இடத்தில் எனக்குச் சொல்ல ஒரு புதுக் கட்டம் தயாராக இருந்தது. மழைக் காலத்தில் யோசித்து வைத்தது. ஜின் உம்மாவைக் கம்பளத்தில் வைத்துச் சுலைமான் நபியின் மாளிகையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போகும். மிகவும் அழகான கட்டம். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாமி குறுக்கே விழுந்து, "கேட்டதுக்கு மட்டும் சொல்லு" என்று அதட்டினாள். மாமிமேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த அதட்டல்தான் அன்றைக்கு உம்மாவைக் காப்பாற்றியது என்பது இன்றைக்குத் தெரிகிறது.

"வெளிய வாறல்ல" என்றேன் முகத்தைத் தூக்கிக்கொண்டு. "உம்மாக்கு ஜின்னக் காணக் கிடைக்கல்ல. நான் மட்டும்தான் கண்டது."

"வேற ஆரும் இருந்தாங்களா அங்க?"

இதுதான் எனக்கு மிகவும் வெட்கமான கேள்வி. கதையின் குட்டு உடைகிற இடம். காலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றேன். வாப்பா மறுபடியும் கேட்டார். கலவை குழைக்கிற கிழவர் ஒருவர் எந்த நாளும் கூடவே இருந்தார் என்று ஒத்துக்கொண்டேன்.

"அத ஏன் கெசட்டுல சொல்லல்ல?"

"ஆள் வெச்சி வேல செஞ்சா அது ஜின் இல்லயே வாப்பா."

வாப்பா கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். பிறகு, மெதுவாகக் கட்டுகிற விஷயத்தை மேசன் சொன்னாரா, உம்மா சொன்னாளா என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கதையின் உயர்ந்த இடத்தை மற்றவர்களுக்குக் கொடுப்பதா?

"ஒருத்தரும் சொல்லல்ல. நான்தான் யோசிச்ச. மூணு நாள் சோறு தின்னாம யோசிச்ச. தம்பியக் கேட்டுப் பாருங்க."

வாப்பா சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் இருந்து தண்ணீர் வந்தது. சட்டைப் பையில் இருந்து லேஞ்சியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கவோ அழவோ அந்த இடத்தில் ஒன்றும் இல்லையே என்று நான் குழம்பிப்போய் நின்றேன். மாமி நெஞ்சில் கையை வைத்து, "அல்ஹம்துலில்லாஹ். சின்னப் புள்ள பொய் சொல்லாது" என்றாள். வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் சொன்னவற்றில் மிகப் பெரிய பொய் அதுதான்.

அன்று பின்னேரமே நிந்தவூரில் இருந்து சூட்கேஸ் வந்தது. வாப்பா பழைய வீட்டுக்குள் ஏறினார். தம்பிக்குச் சாவி கொடுத்தால் ஓடுகிற கார், எனக்குக் கண் மூடித் திறக்கும் பாவைப்பிள்ளை, உம்மாவுக்கு மூன்று சாரி, மாமிக்கு ஒரு கம்பளி. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒன்றும் நடக்காதது மாதிரி வந்து சாரியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்கள். வாப்பா எல்லாருக்கும் கேட்கும்படி, "எங்கட மகள் நல்லாக் கதை சொல்ற" என்றார். அடுத்த கிழமை நிந்தவூரில் இருந்து வேறொரு மேசன் வந்தார். அவர் வாயே திறக்காமல் ஒரு மாதத்தில் வீட்டைக் கட்டி முடித்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். உம்மா மட்டும் சரியாகவில்லை. வாப்பாவுக்கு நேரத்துக்குச் சோறு வைத்தாள், சட்டை தோய்த்தாள், கேட்டால் ஓம் என்றாள், இல்லை என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. சாரிகள் கடதாசிப் பையோடு அலுமாரியில் கிடந்தன. வாப்பா கோபித்திருந்தபோது இரவு பகலாகக் கடிதம் எழுதி எழுதிக் கெஞ்சியவள், அவர் கோபம் தீர்ந்து வந்து முற்றத்தில் இருக்கும்போது ஏன் இப்படி இருக்கிறாள் என்பது எனக்கு விளங்கவில்லை. வாப்பா பின்னாலும் முன்னாலும் திரிந்தார். கிணற்றடியில் போய் நின்று தண்ணீர் அள்ளிக் கொடுத்தார். உம்மா குடத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் பகல், உம்மா அரிசி களைந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"வாப்பாதான் நம்பிட்டாரே உம்மா. இன்னும் என்ன?"

உம்மாவின் கை அரிசிக்குள் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"அவர் ஆர நம்பின?" என்று கேட்டாள்.

"என்னயத்தான்" என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.